இடது பக்கக் கயிறு

மார்ச் 3, திங்கள்

கடையில் கூட்டமில்லை. போன வாரம் கண்ணாடி வாங்கிப்போன அம்மாள் வந்து, மூக்கில் நிற்கவில்லை, குனிந்தால் சாம்பாரில் விழுகிறது என்று சண்டைக்கு நின்றார். மூக்குத் தாங்கியைக் கொஞ்சம் நெருக்கிக் கொடுத்தேன். ரெண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டுச் சமாதானமாகப் போனார்.

மத்தியானம் சம்பந்தி போன் செய்தார். "வர்ற இருபத்து மூணாந்தேதி ஞாயித்துக்கிழமையை எனக்குக் குடுத்துடுங்க சம்பந்தி. படகைத் தண்ணில இறக்கறோம். நீங்க, நான், பையன். அனுபவம் உள்ள ஆளு ஒருத்தர் கூட இருந்தா எனக்குப் பெரிய நிம்மதி."

அனுபவம் உள்ள ஆள் என்பது நான்.

போன சனிக்கிழமை அவர் வீட்டு விருந்தில் அவருடைய நண்பர் ஒருவர் என்னிடம், "நீங்க கண் டாக்டருங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, கண்ணாடிக் கடை" என்றேன். "ஓ" என்றார். அந்த ஓ இருக்கிறதே. அது போதாதென்று சம்பந்தி தன் பாய்மரப் படகைப் பற்றி ஆரம்பித்தார். பல் டாக்டர், மாடி வீடு, படகு வேறு. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கிருந்து அந்த வாய்க்கொழுப்பு வந்ததோ, "காலேஜ் நாள்ல நானும் பாய்மரப் படகு ஓட்டியிருக்கேன்" என்று விட்டேன்.

ஓட்டியதில்லை. ஒரு ஏரியில் துடுப்புப் படகில் உட்கார்ந்திருக்கிறேன். துடுப்பும் என் கையில் இல்லை.

வீட்டில் மனைவியிடம் போன் வந்ததைச் சொன்னேன். விருந்தன்றைக்கே, பரிமாறுகிற கரண்டியும் கையுமாக என்னை ஒரு பார்வை பார்த்தவள்தான். இன்று வாயைத் திறந்தாள். "மானம் கப்பலேறிடும்னு சொல்வாங்க. நீங்க தானா போய் டிக்கெட் எடுத்துட்டு வந்திருக்கீங்க."

மார்ச் 5, புதன்

இரும்புக் கடையில் கயிறு வாங்கினேன். எதுக்கு சார் என்றான். துணி காயப்போட என்றேன். அவனிடமும் பொய்.

கடைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் அறையில் போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். படகுக்காரர்களுக்கு அடிப்படை முடிச்சுகள் சில இருக்கின்றனவாம். எட்டு மாதிரி ஒன்று, கயிறு ஓட்டை வழியாக நழுவாமல் இருக்க. கம்பத்தைச் சுற்றிப் போடுவது ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே போலைன் என்று ஒரு முடிச்சு. கயிற்றின் முனையில் ஒரு பெரிய வளையம் வரும். எவ்வளவு இழுத்தாலும் இறுகாது, நழுவாது, வேண்டும்போது சுலபமாக அவிழும். பாயைக் கயிற்றோடு சேர்ப்பது இதுதான். இது தெரியாதவன் படகில் ஏறவே கூடாது என்கிறார் வீடியோக்காரர்.

சரி.

மார்ச் 9, ஞாயிறு

வரவில்லை.

கடுகை விடச் சின்ன திருகாணியைக் கண்ணாடிக் காலில் பூட்டுகிற கை இது. இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். விரல் தடிமன் கயிறு என்னை இப்படிப் பார்த்துச் சிரிக்கிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். அவர் இழுத்தால் முடிச்சு. நான் இழுத்தால் வெறும் கயிறு.

பூ மாதிரி ஒன்று வந்தது ஒரு தடவை. இவளிடம் காட்டினேன். "அழகாத்தான் இருக்கு. தலையில வச்சுக்கவா?" என்றாள்.

மார்ச் 12, புதன்

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மணி அடித்ததும் கயிற்றை சோபா மெத்தைக்கு அடியில் திணித்தேன். இத்தனை நாற்காலி இருக்க மாப்பிள்ளை நேராகப் போய் அதன்மேலேயே உட்கார்ந்தார். நெளிந்தார். கையை விட்டு இழுத்தார்.

"என்ன மாமா, பழைய ஞாபகமா?"

"சும்மா. கைப்பழக்கம் விட்டுப்போகாம இருக்கணுமில்ல" என்றேன். காது சுட்டது.

மாப்பிள்ளையைப் பற்றி இந்த நோட்டில் முன்பே எழுதியிருக்கிறேன். நல்ல பையன்தான். ஆனால் ஒரு காலில் ஒரு நிறம், மறு காலில் வேறு நிறம் என்று சாக்ஸ் போட்டுக்கொண்டு வருவார். போனை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவார். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்கிற கம்பெனியில் வேலை. பெண்ணைக் கொடுக்கும்போதே எனக்கு அரை மனசு. அவருடைய அப்பாவுக்கும் பிள்ளைமேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் இந்த வருஷம் ஜூன் மாதப் பந்தயத்துக்குப் படகை அவர் பொறுப்பில் விடப்போகிறாராம். முதல் தடவை. படகு அறைச் சாவியை ஏற்கனவே கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை அதைத் தன் சாவிக்கொத்தில் கோர்த்துவைத்து என்னிடம் ஆட்டிக் காட்டினார். முகமெல்லாம் பல்.

காபி குடிக்கும்போது சொன்னார்: "எங்க படகுல ஒரு வழக்கம் மாமா. ஒருத்தர் கட்டினதை இன்னொருத்தர் இழுத்துப் பாத்துருவோம். அப்பா கட்டினதை நான் பாப்பேன். நான் கட்டினதை அவரு பாப்பாரு."

நான் கட்டியதை இவர் சோதிப்பாரா? ரெண்டு நிற சாக்ஸ் போடுகிறவரா? சுருக்கென்றது.

மார்ச் 16, ஞாயிறு

வந்துவிட்டது!

முயல், பொந்து, மரம் என்று வீடியோக்காரர் சொன்ன கதையெல்லாம் எனக்கு ஏறவில்லை. என் கடையை வைத்து நானே ஒன்று சொல்லிக்கொண்டேன். கயிற்றில் முதலில் ஒரு சின்னக் கண்ணி போடு, அதுதான் கடைக் கதவு. அதற்குமேல் போகிற கயிறு தூண். கயிற்று முனைதான் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் கதவு வழியாக உள்ளே வருகிறார், தூணுக்குப் பின்னால் ஒரு சுற்று சுற்றுகிறார், வந்த கதவு வழியாகவே வெளியே போய்விடுகிறார். எதுவும் வாங்காமல்.

இப்படித்தானே தினமும் நடக்கிறது. அதனால்தான் மனதில் நின்றது.

சாப்பாட்டு மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மேசைக் காலில் போட்டேன். அவிழ்த்தேன். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். மேசையை இழுத்தேன், மேசையே நகர்ந்தது, முடிச்சு நகரவில்லை. இவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இனிமே மேசை எங்கயும் ஓடிப்போகாது" என்றாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பொய் சொன்னேன், சரி. இப்போது அது பாதி உண்மையாகிவிட்டதல்லவா? இப்படியெல்லாம் மனசு கணக்குப் போடுகிறது.

மார்ச் 22, சனி

நாளைக்கு. மேசைக் காலில் இன்னும் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

சம்பந்திக்குப் புருவத்துக்கு மேல் தையல். எனக்கு ஒரு கீறல் கூட இல்லை. அதுதான் கேவலம்.

இப்போது எழுத முடியவில்லை.

மார்ச் 24, திங்கள்

கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

படகுத்துறைக்குக் காலையிலேயே போய்விட்டோம். சம்பந்தி நல்ல உற்சாகம். அங்கிருந்தவர்களிடமெல்லாம், "என் சம்பந்தி, பழைய கை" என்று அறிமுகப்படுத்தினார். சிரித்துக்கொண்டே கும்பிட்டேன். பெரிய பாயை ஏற்றுவதற்குச் சம்பந்தி பின்னால் போனார். முன்னாலிருக்கிற சின்னப் பாய்க்கு ரெண்டு கயிறு, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. ரெண்டும் அந்தப் பாயின் மூலையிலிருக்கிற ஒரே இரும்பு வளையத்தில் கட்டப்பட வேண்டும். "நீங்களும் அவனும் ஆளுக்கொண்ணு கட்டிருங்க" என்றார் சம்பந்தி. மாப்பிள்ளை வலது கயிற்றை எடுத்தார். நான் இடது.

படகின் முன்முனையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். கையில் கயிறு. கடைக் கதவு போட வேண்டும்.

வரவில்லை.

வீட்டில் கயிறு என் மடியிலிருந்து மேசைக் காலுக்குப் போகும். இங்கே கயிறு படகின் பின்பக்கமிருந்து என்னை நோக்கி வந்தது. தூண் இந்தப் பக்கம் இருக்க வேண்டியது அந்தப் பக்கம் இருந்தது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றே தெரியவில்லை. என் கைக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு மேசைக் கால், அந்த ஒரு பக்கம். மறுபக்கம் போய் உட்கார்ந்து ஒரே ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை நான்.

எழுந்து மறுபக்கம் போயிருக்கலாம். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். என்னென்னவோ சுற்றினேன். ஒரு முடிச்சு மாதிரி வந்தது. முனையை உள்ளே செருகி, பார்வைக்கு ஒழுங்காக இருக்கும்படி செய்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

மாப்பிள்ளை தன்னுடையதை முடித்துவிட்டு வழக்கப்படி என் கயிற்றுக்குக் கையை நீட்டினார். பின்னாலிருந்து சம்பந்தி அதட்டினார்: "டேய், அவரு கட்டினதைப் போயி இழுத்துப் பாக்கறியா? சம்பந்திடா. ஒரு மரியாதை வேணாம்?"

மாப்பிள்ளை கையை எடுத்துக்கொண்டார். "சாரி மாமா" என்றார்.

அப்போதாவது சொன்னேனா? "பரவாயில்ல" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு திருப்பத்தில் காற்று பலமாக அடித்தது. இடது கயிறு வளையத்திலிருந்து உருவிக்கொண்டு ஓடியது. பாய் பேய் பிடித்த மாதிரி அடித்துக்கொண்டது. சம்பந்தி சுக்கானை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு முன்னால் பாய்ந்தார். வளையம் அவர் முகத்தில் அடித்தது. கண்ணாடி ரெண்டாக உடைந்து தண்ணீரில் பாதி, படகில் பாதி. முகமெல்லாம் ரத்தம். கண்ணில் பட்டிருந்தால்?

மாப்பிள்ளைதான் படகைக் காற்றுக்கு எதிரே நிறுத்தி, பாயை இறக்கி, எல்லாம் செய்தார். அந்த நிதானம் எனக்கு வராது.

கைக்குட்டையை நெற்றியில் அழுத்திக்கொண்டு சம்பந்தி கேட்டார். "இடது பக்கம் எவன்டா கட்டினது?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை.

"நான்தான்பா" என்றார்.

வலது கயிறு அவருக்குப் பக்கத்திலேயே வளையத்தில் கச்சிதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாயே திறக்கவில்லை. ஏன் திறக்கலை? என்ன வந்துச்சு எனக்கு? ஒரு வார்த்தை. "நான்." அவ்வளவுதானே. கரைக்கு வர்ற வரைக்கும் அந்தப் பையனை அவரு திட்டிக்கிட்டே வந்தாரு, நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே வந்தேன்.

மார்ச் 26, புதன்

மகள் போன் செய்தாள். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் மாமனார் கையை நீட்டிச் சாவியைத் திருப்பிக் கேட்டாராம். மாப்பிள்ளை கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாராம். ஜூன் பந்தயமெல்லாம் இனிமேல் கிடையாது.

"எனக்கே வெக்கமா இருக்குப்பா. சின்ன வயசுலேருந்து படகுல வளர்ந்தவரு. ஒரு முடிச்சு ஒழுங்கா போடத் தெரியலையா? இது உங்க கண்ணுல பட்டிருந்தா? நல்லா கேட்டுட்டேன் நேத்து. பதிலே பேசல."

"ம்" என்றேன்.

ம். என் பெண்ணிடம்.

மார்ச் 27, வியாழன்

இவளிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பாள், குத்துவாள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. சாதத்தைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், எதிரில் உட்காராமல் உள்ளே போய்விட்டாள். தட்டு கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பையன் சாக்ஸைத்தான் இத்தனை நாளா பாத்துக்கிட்டிருந்தீங்க."

மார்ச் 29, சனி

மாப்பிள்ளை கடைக்கு வந்தார். அப்பாவின் உடைந்த கண்ணாடியில் மிச்சமிருந்த பாதியையும் பவர் எழுதிய சீட்டையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இதே பவரில், இதே மாதிரி ஃபிரேமில் வேண்டுமாம். புதன்கிழமை அப்பாவே வந்து போட்டுப் பார்ப்பாராம்.

கடையில் வேறு யாருமில்லை. "மாப்பிள்ளை, அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க மாமா" என்றார். "அப்பா என்னைத் திட்டறது புதுசா? அவருக்கும் பழக்கம், எனக்கும் பழக்கம். உங்க பேரைச் சொன்னா அப்புறம் நீங்க எங்க வீட்டுப் பக்கமே வரமாட்டீங்க. அவளுக்குக் கஷ்டமாயிடும்."

"பந்தயம்..."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. என்னை விட வயதில் பாதி. எனக்கு ஒரு வழி விட்டார், நான் அந்த வழியாகவே நழுவினேன். சரி என்று தலையாட்டினேன். அவர் போனபிறகு பார்த்தால் போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். வழக்கமாக எனக்குக் கோபம் வரும். இன்று அதை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினேன். மூச்சிரைக்கக் கொடுத்தேன். "ஐயோ, நீங்க ஏன் மாமா ஓடி வந்தீங்க" என்றார்.

மார்ச் 31, திங்கள்

கண்ணாடிக் கடைக்காரன் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தை அரை அடி தூரத்தில் பார்த்தாக வேண்டும். புதன்கிழமை எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்க்கப் போகிறேன்?

கடைப் பையனை விட்டுச் செய்யச் சொல்லலாம் என்று கூட நினைத்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

சொல்லிவிட்டேன்.

சம்பந்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தையல் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. புதுக் கண்ணாடி தயாராக இருந்தது; மாட்டிவிடுமுன் கருவிழிகளுக்கு நடுவே உள்ள அளவைச் சரிபார்க்க ஸ்கேலை அவர் மூக்கின்மேல் வைத்தேன். நேராக என் கண்ணைப் பார்க்கச் சொன்னேன், எல்லோரிடமும் சொல்வதுதான். பார்த்தார்.

"பொறுப்பு வந்துடுச்சுன்னு நெனச்சுதான் சாவியைக் குடுத்தேன் சம்பந்தி" என்றார். "கூட்டத்துல இவன் என் பிள்ளைன்னு சொல்லிக்க ஆசையா இருந்துச்சு."

ஸ்கேலைக் கீழே வைத்தேன்.

"இடது பக்கம் கட்டினது நான் சம்பந்தி. மாப்பிள்ளை இல்ல. எனக்குப் படகு ஓட்டத் தெரியாது. ஓட்டினதே இல்ல. விருந்துல சொன்னது பொய். முடிச்சு சரியா வரலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே விட்டேன்."

கண்ணாடி இல்லாமல் என் முகம் அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். அந்தத் தைரியத்தில்தான் சொன்னேனோ என்னவோ. அவர் கையை நீட்டி மேசைமேலிருந்த புதுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இப்போது நன்றாகப் பார்த்தார். நான் அளவெல்லாம் விட்டுவிட்டு நின்றேன். பூமி பிளந்து விழுங்காதா என்று சொல்வார்களே, என் கடைத் தரை சிமெண்டு, அசையவில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "அவன் பாக்க வந்தான். நான்தான் வேணாம்னு தடுத்தேன்" என்றார்.

பிறகு, "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சம்பந்தி. நான் என்ன பண்ணியிருக்கப் போறேன்? கத்துக் குடுத்திருப்பேன்."

எழுந்து போய்விட்டார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கண்ணாடிக் கூட்டை மறந்துவிட்டுப் போயிருந்தார். ஓடிப்போய்க் கொடுக்கத் தைரியமில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

மகள் பேசினாள். குரலே வேறு மாதிரி.

"அன்னிக்கு அவரை என்னென்ன பேசிட்டேன் தெரியுமா? நீங்க போன்ல ம்னு கேட்டுக்கிட்டிருந்தீங்களேப்பா."

வைத்துவிட்டாள். அந்த ம்-ஐ அவள் மறக்கமாட்டாள். நானும்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மாப்பிள்ளை மட்டும் வந்தார். மகள் வரவில்லை. கையில் படகுக் கயிறு, நிஜமான கயிறு, ஒரு துண்டு.

"அப்பா குடுத்துவிட்டாரா?"

"இல்ல மாமா. நானாத்தான்."

வழக்கமான இடத்தில் உட்காரப் போனேன். "அங்க வேணாம். மேசைக்கு அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். கயிற்றின் மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். கயிறு என்னை நோக்கி வந்தது. கடைக் கதையைச் சொல்லி மெதுவாகப் போட்டேன். விழுந்துவிழுந்து சிரித்தார். "எதுவும் வாங்காமயா போறாரு?" என்றார். பிறகு நின்றுகொண்டு, திரும்பிக்கொண்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என்று ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். பாதிக்கு மேல் தப்பு. தப்பாகப் போட்டபோதெல்லாம், "தப்பு மாமா" என்று பட்டென்று சொன்னார். அப்படிச் சொன்னது நன்றாக இருந்தது.

இவள் ரெண்டு பேருக்கும் காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் சாக்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் குனிந்து முடிச்சைப் பார்த்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சம்பந்தியிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. மேசையின் நாலு காலிலும் கயிற்றுத் தழும்பு.

ஏப்ரல் 28, திங்கள்

கடையில் இருக்கும்போது போன். சம்பந்திதான்.

"ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?"

"வரலாமா?"

"வாங்க. இந்தத் தடவை தெரியாத ஆளா வாங்க."

மே 4, ஞாயிறு

மகளும் வந்திருந்தாள். என்னிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் தொப்பி எடுத்துவரவில்லையா என்று கேட்டு, தன்னுடையதைக் கொடுத்தாள்.

துறையில் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "பழைய கையாச்சே, வாங்க வாங்க" என்றார். "இல்லைங்க. இப்பதான் முடிச்சுப் போடவே கத்துக்கறேன்" என்றேன். அவர் "ஓ" என்றார். அதே ஓ. இந்தத் தடவை அது என்னைத் தாண்டிப் போய்விட்டது.

சம்பந்தி படகில் ஏறவில்லை. துறையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். புதுக் கண்ணாடி மூக்கில் ஒழுங்காக நின்றது, பார்த்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் சாவிக்கொத்தில் படகு அறைச் சாவி இருந்தது. எப்போது திரும்ப வந்தது என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

நான் முன்முனையில் உட்கார்ந்து இடது கயிற்றைக் கட்டினேன். மாப்பிள்ளை வலது கயிற்றை முடித்துவிட்டு என்னுடையதற்குக் கையை நீட்டினார். பாதியில் நின்றார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கற?" என்றார் சம்பந்தி. "கட்டினதைப் பாரு. நல்லா இழுத்துப் பாரு. படகு உன்னுது."

மாப்பிள்ளை இழுத்தார். நின்றது. ஆனால் முனை குட்டையாக இருக்கிறது என்று சொல்லி அவிழ்த்து என் கையில் கொடுத்தார். துறையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, முதலிலிருந்து போட்டேன். கதவு, தூண், கதவு. மறுபடி இழுத்துப் பார்த்தார். தலையாட்டினார்.

எழுந்திருக்கப் போனேன். "இருங்க மாமா" என்று வலது கயிற்றை என் பக்கம் தள்ளினார். "நான் கட்டினதை நீங்க பாக்கணும்ல."

பிடித்து இழுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை இழுத்தேன்.

"சரியா இருக்கு மாப்பிள்ளை" என்றேன்.